சோப்புத் தண்ணீரும் நொண்டி மோட்டாரும்

"அண்ணி, உங்க கம்பெனியில யாரோ சோப்புத் தண்ணியில டிவி செய்றாங்களாமே, நெஜமா?"

நாத்தனார் தன் அழகு நிலையத்தில் இதைக் கேட்டபோது ஐஸ் அக்கா நாற்காலியில் மல்லாந்து கிடந்தாள். கழுத்து பேசினின் விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தது, தலை முழுக்க நுரை. எழுந்து ஓட வழியில்லை. வாயைக் கிளறுகிற கேள்விகளை நாத்தனார் இப்படிப்பட்ட நேரமாகப் பார்த்துத்தான் கேட்பாள்.

"யார் சொன்னா?"

"நேத்து ஃபேஷியலுக்கு ஒரு அம்மா வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் உங்க பேக்கிங் செக்‌ஷன்ல இருக்காராம். அவர்கிட்ட ஸ்டோர்ல யாரோ சொன்னாங்களாம். இனிமே டிவிய மடிச்சு பீரோவுல வெச்சுக்கலாமாம். அதைச் செய்யறதுக்கு சோப்புத் தண்ணியே போதுமாம். கண்டுபிடிச்ச ஆளை வேற கம்பெனி அலாக்கா தூக்கிட்டுப் போகப்போகுதாம்."

"அந்த ஆள் ஆம்பளையா பொம்பளையா?"

"ஆம்பளைதான். தாடி வெச்சிருப்பாராம்."

ஐஸ் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கண்ணில் நுரை விழாமலிருக்க என்று நாத்தனார் நினைத்திருப்பாள். உண்மையில் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சோப்புத் தண்ணீர்க்காரர் வேறு யாருமில்லை, அவளேதான். தாடி மட்டும் இல்லை. காதும் காதும் வைத்தாற்போல் செய்த வேலை. மேனேஜருக்குத் தெரியும். சோப்பு எடுத்துக் கொடுத்ததால் ஸ்டோர்காரருக்குப் பாதி தெரியும். அந்தப் பாதிதான் பேக்கிங் வழியாகப் போய், ஃபேஷியல் நாற்காலியில் உட்கார்ந்து, இப்போது தாடியோடு திரும்பி வந்திருக்கிறது.

வதந்திக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த வேலை ஒரே ஒரு தடவைதான் சரியாக வந்தது. அதற்குப் பிறகு இரண்டு தடவை ஊற்றிக்கொண்டது.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் குடுவை கழுவுகிற வேலைக்கு இதே கம்பெனிக்குள் வந்தவள். பகலில் மற்றவர்கள் அழுக்காக்கிய கண்ணாடியைத் தேய்ப்பாள், சாயங்காலம் வகுப்புக்குப் போவாள். எந்தக் குடுவையின் அடியில் என்ன கறை எப்படிப் பிடிக்கும் என்று பட்டம் வாங்குவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பட்டம் வாங்கிய பிறகு குளிர்மேசைக்கு மாற்றினார்கள். மைனஸ் எழுபத்தெட்டு டிகிரியில் நடக்கிற வேலை. உலர்பனியை வாளியில் சுமந்துகொண்டு, வெள்ளைப் புகை பின்னால் வர, மேடைக்கு வருகிற பாடகி மாதிரி தினமும் காலையில் வராந்தாவில் நடப்பாள். பேர் வைக்க அதற்கு மேல் என்ன வேண்டும்? ஐஸ் அக்கா ஆகிவிட்டாள்.

அங்கே அவர்கள் செய்தது ஒரு மஞ்சள் பொடி. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அந்தப் பொடியை மையாக அச்சடித்தால் அது மின்சாரத்தைக் கடத்தும், சொன்னால் நிறுத்தும். மடக்குகிற திரை, தோலில் ஒட்டிக்கொள்கிற காய்ச்சல்மானி, இப்படி எதற்கெல்லாமோ கேட்கிறார்கள். பொடியின் மூலக்கூறு தட்டையாக, நீளமாக, ஒரு பிஸ்கட் மாதிரி இருக்கும். அதன் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கொக்கி. ஒரு முனையில் ஒரு நீள வால் மாட்ட வேண்டும், மறு முனையில் ஒரு வளையம். அப்படி இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால்தான் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி நிற்கும், மின்சாரமும் தடுக்கி விழாமல் ஓடும். இரண்டு பக்கமும் வாலே மாட்டிவிட்டால் பொடி எதற்கும் உதவாது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கொக்கிகள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும்போது, இந்தப் பக்கம் மாட்டு, அந்தப் பக்கம் தொடாதே என்று மூலக்கூறிடம் யார் போய்ச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு கோடிக்கணக்கான பேருக்கு ஒற்றைக் கையில் மட்டும் கையுறை மாட்டிவிடுகிற வேலை அது. சிலருக்கு ஒரு கையில் ஏறும், சிலருக்கு இரண்டிலும் ஏறும், சிலர் வெறுங்கையோடு நிற்பார்கள். பழைய முறையில் இந்த மூன்று கூட்டத்தையும் பிரித்தெடுக்கவே நான்கு நாள் ஆகும், பீப்பாய் பீப்பாயாகக் கரைப்பான் செலவாகும். அதற்கும் முன்னால், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கிற லித்தியத் திரவத்தை ஊசியால் உறிஞ்சி, சொட்டுச் சொட்டாகக் குளிர்க்குடுவைக்குள் விட வேண்டும். அதைத் தொடர்ந்து நஞ்சான தகரச் சேர்மம் ஒன்று.

மூன்று வருடத்துக்கு முன் அந்த ஊசியின் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டு வெளியே விழுந்தது. தீக்குச்சி கிழித்த அளவுக்குத்தான் நெருப்பு. முகக்கவசத்தை அரை அங்குலம் தூக்கி வைத்திருந்த பாவத்துக்கு ஐஸ் அக்காவின் இடது புருவம் போயிற்று. புருவம் வளரும்வரை தினமும் காலையில் நாத்தனார்தான் பென்சிலால் வரைந்துவிட்டாள். "இன்னிக்குக் கொஞ்சம் ஆச்சரியமா வரையட்டுமா அண்ணி, இல்ல கோவமாவா?" என்று கேட்டுக் கேட்டு வரைவாள். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து ஊசியைக் கையில் எடுக்கும் முன்பு முகக்கவசத்தை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

இப்போது அரை கிலோ பொடி கேட்டு ஆர்டர் வந்திருக்கிறது. அதற்கு நூறு லிட்டர் கலன் ஒன்று வாங்கப்போகிறார்கள். வருவதற்கு முன்பே அதற்கு யானை என்று பெயர் வைத்தாயிற்று. பழைய முறை என்றால் யானைக்குக் குளிர்ச்சட்டை போட்டு, சொட்டுக் கணக்கில் விட்ட அந்தத் தீத்திரவத்தை லிட்டர் கணக்கில் விட வேண்டும். விடப்போகிறவள் ஐஸ் அக்கா. அவளை விட்டால் கை பழகிய ஆள் வேறு இல்லை. சோப்புத் தண்ணீர் முறை என்றால் சாதாரணத் துருப்பிடிக்காத தொட்டி போதும், விலை பத்தில் ஒரு பங்கு. எந்த யானை என்பதை வருகிற வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் முடிவு செய்வார்கள்.

சோப்புத் தண்ணீர் அவளுடைய யோசனைதான். வாலை போரான் என்கிற சாதுவான பிடியில் ஏந்தி வந்து, ஒரு சிட்டிகை பல்லேடியத்தைத் துணைக்கு வைத்து, சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டாள். சோப்பு என்றால் துவைக்கிற சோப்பு இல்லை, ஷாம்பூவுக்குத் தம்பி முறையாகிற ஒரு வழவழத் திரவம். போன செவ்வாய்க்கிழமை அதிசயம் நடந்தது. ஒரு பக்கம் வால் ஏறிய உடனே மூலக்கூறுக்குத் தண்ணீர் பிடிக்காமல் போய், பொடியாக அடியில் படிந்துவிட்டது. அடியில் போய்ப் படுத்துக்கொண்டதை இரண்டாவது வால் எங்கே தேடிப் பிடிப்பது? ஊதா விளக்கின் கீழ் சோதனைத் தகட்டைப் பிடித்துப் பார்த்தாள். பழைய முறையில் கூட்டத்துக்கு ஒன்றாக மூன்று புள்ளி தெரிகிற இடத்தில் ஒரே ஒரு புள்ளி. தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டுப் போட்டும் பார்த்தாள். ஒன்றேதான்.

புதன்கிழமை அதையே அதே அளவில் மறுபடி செய்தாள். மூன்று புள்ளி. வெள்ளிக்கிழமையும் மூன்று புள்ளி.

மேனேஜருக்கு ரிப்போர்ட் சார் என்று பெயர். நல்ல மனிதர்தான். தும்மினாலும் எழுதிக் கொடுக்கச் சொல்வார். "ஒரு தடவை வந்ததை வெச்சுக்கிட்டு நான் மேல என்னம்மா எழுதறது? மூணு தடவை வரிசையா வரட்டும். பொடியைக் கஸ்டமர் லேப்ல அளந்து பாத்து ஓகே சொல்லட்டும். இல்லேன்னா பழைய முறைதான். நீங்க இருக்கீங்க, எனக்கென்ன கவலை?" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் அவருக்குப் பாராட்டு. அவளுக்கு அது இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

திங்கட்கிழமை காலையில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். சோப்பு அதே டப்பா. தண்ணீர் அதே குழாய். பல்லேடியம் அதே புட்டி. எல்லாவற்றையும் மூன்று தடவை சரிபார்த்தாயிற்று. அப்போது கதவைத் தட்டிக்கொண்டு வந்தார் மெக்கானிக். இடுப்பில் எப்போதும் ஸ்பேனர் தொங்குவதால் அவர் ஸ்பேனர் அண்ணன்.

"தங்கச்சி, முடிச்ச வேலைக்கு ஒரு கையெழுத்து வேணும்."

புகார்ச் சீட்டை நீட்டினார். அவளுடைய கையெழுத்தேதான்: 'மூன்றாம் கலக்கி முனகுகிறது. நின்று நின்று ஓடுகிறது. உடனே கவனிக்கவும்.'

"பெல்ட்டு மாத்தி, பேரிங் மாத்தி, எண்ணெய் விட்டிருக்கேன். இப்பக் காது வெச்சுக் கேளுங்க. பூனை நடக்கற மாதிரி இருக்கும்."

அவள் பேனாவைத் திறந்தாள். திறந்தவள் எழுதவில்லை.

"இது என்னிக்குப் பண்ணீங்கண்ணே?"

"போன செவ்வாய்க்கெழமை சாயங்காலம். கீழ போட்டிருக்கேன் பாருங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு புள்ளி. சாயங்காலம் பெல்ட். புதன்கிழமை மூன்று புள்ளி. ஐஸ் அக்கா பேனாவை மூடி வைத்தாள். நன்றாகக் கலக்கினால்தான் வேலை நன்றாக நடக்கும் என்று முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதனால்தான் புகார்ச் சீட்டே எழுதினாள். ஆனால் நொண்டி மோட்டார் நின்று நின்று ஓடியதால்தான் பொடி நிம்மதியாக அடியில் படிந்திருக்கிறது. புது பெல்ட் வந்து, படுத்திருந்ததை எல்லாம் உலுக்கி எழுப்பி, இரண்டாவது வாலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டது. சொந்தக் கையால் சீட்டு எழுதி, சொந்த வேலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவள் அவளாகத்தான் இருப்பாள்.

"அண்ணே, பழைய பெல்ட் எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்."

"எந்தக் குப்பையில?"

ஸ்பேனர் அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன் தங்கச்சி. சரி பண்ணலைன்னு நெறைய திட்டு வாங்கியிருக்கேன். சரி பண்ணதுக்கு இன்னிக்குத்தான் வாங்கறேன்."

"திட்டலண்ணே. கொஞ்சம் கெடுத்துக் குடுங்கன்னுதான் கேக்கறேன்."

"கெடுத்துக் குடுக்கறதா! வெளிய தெரிஞ்சா யாராவது என்னை மதிப்பாங்களா?"

"எப்படி நொண்டுச்சோ அப்படியே நொண்டணும். அதைவிட ஒழுங்கா நொண்டணும். தெனமும் ஒரே மாதிரி."

ஒழுங்காக நொண்ட வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது. கெட்டுப்போவது யாருக்கும் வரும். கணக்காகக் கெட்டுப்போவதற்குத் தொழில் தெரிய வேண்டும். பழைய பெல்ட்டைக் குப்பையிலேயே விட்டுவிட்டு, எங்கிருந்தோ ஒரு டைமரைக் கழற்றிக்கொண்டு வந்து கலக்கியோடு இணைத்தார். ஆறு வினாடி ஓடும், நாற்பது வினாடி நிற்கும். "முனகல் மட்டும் வராது. அதுவும் வேணும்னா நான் பக்கத்துல நின்னு முனகறேன்" என்றார்.

அன்று மதியம் நான்காவது தடவை. ஒரே புள்ளி.

ஐஸ் அக்கா தகட்டை அறை வாசலுக்குக் கொண்டுபோய் ஸ்பேனர் அண்ணனிடம் காட்டினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போனில் படம் எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை ஐந்தாவதும் ஒரே புள்ளி. நான்காவது பொடிக்கு மறு முனையில் வளையம் மாட்டும் வேலையும் அன்றே முடிந்தது. சோப்பு ஒட்டியிருந்தால் மின்சாரம் வழுக்கிவிடும் என்பதால், புதன்கிழமை காலை முழுவதும் பொடியைச் சுடுதண்ணீரில் கழுவிக் கழுவி எடுத்தாள். பிறகு இரண்டு கிராமைச் சின்னப் புட்டியில் போட்டு, பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, கஸ்டமர் லேபுக்கு அவளே கொண்டு போனாள். அந்தப் பக்கம் போகிற பஸ் அவள் கணவனுடையது. அதாவது அவர் ஓட்டுகிற பஸ்.

டிரைவர் இருக்கைக்குப் பின்னால், மடியில் பெட்டியோடு உட்கார்ந்தாள். ஸ்டாப்பில் ஆள் ஏறும்போதெல்லாம் அவர் சத்தமாக, "உள்ள போங்க, உள்ள போங்க. முன்னாடி டிவி இருக்கு, இடிக்காதீங்க" என்றார். ஏறியவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, டிவியைக் காணாமல், டிரைவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பின்னால் போனார்கள்.

"சும்மா இருங்களேன். மானம் போகுது."

"இது சரியா வந்துட்டா நீ அந்த ஊசியைத் தொட வேண்டாம், இல்ல?"

"வேண்டாம்."

"வரலேன்னா?"

"தொடணும். லிட்டர் கணக்குல."

சிவப்பு விளக்கு விழுந்தது. அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "முடியாதுன்னு சொல்லிடேன்."

"நான் முடியாதுன்னா அந்த ஊசியை வேற யாராவது எடுப்பாங்க. கை பழகாத ஆளு. அது இன்னும் பயமா இருக்கு எனக்கு."

அவர் மறுபடி சாலையைப் பார்த்தார். விளக்கு மாறியது. அடுத்த ஸ்டாப்பில் டிவி இருப்பதாக யாரிடமும் சொல்லவில்லை. லேப் வாசலில், ஸ்டாப்பே இல்லாத இடத்தில், பஸ்ஸை நிறுத்தி அவளை இறக்கிவிட்டார்.

பொடியை வாங்கிக்கொண்ட அளவைக்காரர் சிடுசிடுப்பான ஆள். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சோப்புல செஞ்சதா? சோப்புல செஞ்சது இதுவரைக்கும் ஒண்ணும் எங்கிட்ட தேறினதில்ல. நாளைக்கு மூணு மணிக்கு மேல போன் பண்றேன். தேறினாலும் பண்ணுவேன், தேறலேன்னாலும் பண்ணுவேன். நடுவுல நீங்க பண்ணாதீங்க" என்றார்.

வியாழக்கிழமை ஆறாவது தடவை. வரிசையில் மூன்றாவது. இது வந்தால் ரிப்போர்ட் சார் கேட்ட மூன்று ஆகிவிடும். ஆனால் அளவைக்காரர் தேறவில்லை என்று சொல்லிவிட்டால் மூன்றும் வீண்.

அறைக்குள் போன் கொண்டு போகக்கூடாது. கரைப்பான் ஆவிக்குப் பக்கத்தில் ஒரு பொறி பறந்தால் போதும். அதனால் எல்லோருடைய போனும் வாசலில் இருக்கிற கண்ணாடிப் பெட்டியில் தனித்தனித் தடுப்பில் பூட்டியிருக்கும். சாவி அவரவர் பையில். ஐஸ் அக்காவின் சாவி கோட்டுக்குள், கோட்டு ஏப்ரனுக்குள், கையில் இரண்டு அடுக்குக் கையுறை.

மூன்று மணிக்குக் குடுவைக்குள் பொடி இறங்கத் தொடங்கியது. முதலில் தண்ணீர் பால் மாதிரி கலங்கும். பிறகு மேலே தெளியும். தெளிந்ததிலிருந்து பத்தே நிமிடம்தான். அதற்குள் வடிகட்டி எடுத்துவிட வேண்டும். விட்டால், அடியில் கிடப்பதையும் இரண்டாவது வால் மெதுவாக மோப்பம் பிடித்து வந்துவிடும். ஐந்தாவது தடவையில் இதைக் கண்டுபிடித்தாள். ஒன்பதாவது நிமிடத்தில்தான் அன்று தப்பினாள்.

ஸ்பேனர் அண்ணன் டைமருக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றார். அவருக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. "நம்ம நொண்டி எப்படி நடக்குது பாருங்க தங்கச்சி. அரண்மனைக்காரன் மாதிரி."

"பேசாதீங்கண்ணே, எண்ணிட்டிருக்கேன்."

மூன்று இருபதுக்கு மேல்தண்ணீர் தெளிந்தது. அவள் கலக்கியை அணைத்தாள். குடுவையைத் தூக்கி, வடிதட்டின் மேல் சாய்த்து, மஞ்சள் பொடியைத் தண்ணீரோடு மெதுவாக ஊற்ற ஆரம்பித்தாள். வேகமாக ஊற்றினால் தட்டில் விரித்த வடிதாள் கிழியும். நிறுத்தினால் பொடி காய்ந்து விரிசல் விட்டுப் பாளம் பாளமாகும், கழுவுகிற தண்ணீர் பிளவு வழியாகத் தப்பித்துவிடும், சோப்பு உள்ளேயே தங்கும். நிற்காமல் ஒரே சீராக ஊற்ற வேண்டும்.

பாதி ஊற்றியபோது வாசலில் போன் அடித்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாப் போனும் இருந்தன. வெளிச்சம் வந்தது அவளுடைய போனில்தான். அதிர்ந்து அதிர்ந்து நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. அறைக்கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிப்போர்ட் சார் வந்து நின்றார், கையில் காகிதத்தோடு. போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். காதில் கை வைத்து, எடு என்று சைகை காட்டினார்.

"தங்கச்சி, அளவைக்காரர்தான். சாவி எங்க? நான் வேணா எடுக்கட்டுமா?" என்றார் ஸ்பேனர் அண்ணன். அவர் கதவுப் பக்கம் இரண்டடி வைத்தார்.

"சாவி கோட்டுக்குள்ள. எடுக்க முடியாது."

"அவர் வெச்சுட்டா? மறுபடி பண்ணமாட்டாராமே, சிடுமூஞ்சியாமே!"

"அண்ணே, அந்தக் கழுவுற தண்ணியை இப்படி நகத்துங்க. இன்னும் கொஞ்சம். ஆங், போதும்."

ரிப்போர்ட் சார் கண்ணாடியைத் தட்டினார். அவள் திரும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவருக்கு விளங்கியிருக்காது. அவள் கண்ணெல்லாம் குடுவையின் விளிம்பில் இருந்தது. மஞ்சள் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. ஊசி பிடித்துப் பழகிய கை அது. ஊசி இல்லாதபோதும் அதே சீராகத்தான் நின்றது.

இன்னும் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. வாசலில் போன் அடித்துக்கொண்டேயிருந்தது.